கழிவெண்ணெயில் எரியும் கணப்படுப்பு: ஒரு விளக்கப் பகுதியும் சில வகுப்பறைக் குறிப்புகளும்

இந்தத் தடவை கொஞ்சம் வித்தியாசமான தலைப்பு. நம் ஊரில் ஹீட்டர் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மத்தியானம் 33 பாகைக்கு வெயில் காய்கிற இடத்தில் பட்டறையைச் சூடாக்க யாருக்கும் ஆசை வராது. ஆனால் கனடாவிலும் வட அமெரிக்க மாநிலங்களிலும் பனிக்காலத்தில் கார் பழுதுபார்க்கும் பட்டறைக்குள் நின்றால் கை விரல் மரத்துப்போகும். ஸ்பேனரைப் பிடிக்க முடியாது. அதே பட்டறையின் மூலையில் பீப்பாய் பீப்பாயாகப் பழைய எஞ்சின் எண்ணெய் கிடக்கும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்கள், 1973-இல் எண்ணெய் விலை ஏறிய காலத்திலிருந்து, பழைய தண்ணீர்த் தொட்டியையும் வாயுத் தோம்பையும் வெட்டித் தாங்களே அடுப்பு செய்துகொள்ளத் தொடங்கினார்கள். இன்று அது காணொளிகளாக நம் மாணவர்களின் கைப்பேசிக்கே வந்துவிட்டது.

படிவம் நான்கு மாணவன் ஒருவன் இதைத்தான் விளக்கக் கட்டுரைக்குத் தலைப்பாக எடுத்துக்கொண்டான். அப்பா வர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். "ஐயா, நம்ம கடையிலயும் மிஞ்யாக் ஹித்தாம் சும்மாதானே கிடக்கு" என்றான். கட்டுரையின் மையப் பகுதி ஒரே வாக்கியம்: "எண்ணெயை ஊற்றிப் பற்ற வைத்தால் புகை வந்து சூடாகும்." பையன் மக்கு இல்லை. ஆறாம் ஆண்டு வரை அறிவியலைத் தமிழில் படித்தவன். இடைநிலைப் பள்ளிக்கு வந்ததும் அந்தச் சொற்கள் அங்கேயே நின்றுவிட்டன. என்னைக் கவலைப்பட வைத்தது வேறு. அவன் எழுதாமல் விட்ட இடங்கள் எல்லாம் ஆளைக் கொல்லக்கூடிய இடங்கள். அந்த இடங்களையும் சேர்த்துத்தான் கீழே விளக்கியிருக்கிறேன். வாசிப்புப் பகுதியாகவோ மாதிரிக் கட்டுரைக்கான பொருளாகவோ பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

முதலில் பெயர். குளிர்காய மூட்டும் நெருப்புக்குத் தமிழில் 'கணப்பு' என்று நல்ல சொல் இருக்கிறது. ஆகவே கணப்படுப்பு. 'வெப்பமூட்டி' என்றும் எழுதலாம், தவறில்லை. எனக்குக் கணப்புதான் பிடிக்கும்.

எண்ணெய் எரிவதில்லை

இதுதான் மொத்த விஷயத்துக்கும் சாவி. ஓர் அகல் விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அகலில் இருக்கும் நல்லெண்ணெயில் நேராகத் தீக்குச்சியை வைத்தால் குச்சி அணைந்துவிடும். திரி போட்டால்தான் எரியும். ஏன்? திரியின் நூலிழைகளுக்கு இடையே எண்ணெய் மெல்ல மேலேறுகிறது. நுனியில் இருப்பது மிகச் சிறிதளவு எண்ணெய். அதனால் சீக்கிரம் சூடாகி ஆவியாகிறது. அந்த ஆவி காற்றோடு கலந்து எரிகிறது. எரிவது ஆவிதான், எண்ணெய் அல்ல. விளக்கை ஊதி அணைத்ததும் திரியிலிருந்து எழும் வெள்ளைப் படலம் எரியாமல் தப்பித்த அந்த ஆவி குளிர்ந்து நுண்துளிகளானது.

எஞ்சின் எண்ணெய் இன்னும் பிடிவாதமானது. பொதுவாக 200 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கினால்தான் தீப்பற்றும் அளவுக்கு ஆவி வரும். இதைத் 'தீப்பற்று வெப்பநிலை' என்கிறோம். பெட்ரோலுக்கு இது பூஜ்யத்துக்கும் கீழே, சுமார் கழித்தல் 40 பாகை. அதனால்தான் பெட்ரோல் நிலையத்தில் இத்தனை எச்சரிக்கைப் பலகைகள்.

கணப்படுப்பில் திரி கிடையாது. திரியின் வேலையைச் செய்வது ஒரு கனமான இரும்புத் தட்டு. பழைய பிரேக் டிரம்மைக்கூட வைப்பார்கள், வார்ப்பிரும்பு என்பதால் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தட்டு நன்றாகக் காய்ந்த பிறகு அதன்மேல் எண்ணெய் சிறிது சிறிதாக விழுகிறது. விழுந்ததும் ஆவியாகிறது. தட்டுக்கு மேலே நிற்கும் துளையிட்ட குழாய்க்குள் அந்த ஆவி ஏறும்போது துளைகள் வழியாகக் காற்று உள்ளே வந்து கலக்கிறது. அங்கே எரிகிறது. அந்தச் சூட்டில் ஒரு பகுதி திரும்பத் தட்டுக்கே வருவதால் அடுத்த சொட்டும் ஆவியாகிறது. ஒருமுறை தொடங்கிவிட்டால் தானே நடக்கும்.

அமைப்பு

வெளிக்கூடு பழைய வாயுத் தோம்பு, தண்ணீர்த் தொட்டி அல்லது தடித்த இரும்புப் பீப்பாய். அடியில் தட்டு, அதன்மேல் துளைக்குழாய், எல்லாவற்றுக்கும் மேலே கூரையைத் தாண்டி உயரும் புகைபோக்கி. எண்ணெய்த் தொட்டி அடுப்பைவிட உயரத்தில், ஆனால் அதிலிருந்து நன்றாகத் தள்ளி இருக்க வேண்டும். தொட்டியிலிருந்து ஒரு செம்புக் குழாய், நடுவில் நுண்மையாகத் திருகக்கூடிய ஊசி வால்வு. நன்றாகச் செய்யப்பட்ட அடுப்புகளில் இந்தக் குழாய் நேராக அடுப்புக்குள் போகாது. ஒரு சிறு புனலுக்கு மேலே முடியும். இடையில் எண்ணெய் விழுவது கண்ணுக்குத் தெரியும். மருத்துவமனையில் சலைன் ஏற்றும்போது சொட்டைப் பார்ப்போமே, அதேபோல.

எவ்வளவு எண்ணெய்? ஒரு லிட்டரில் சுமார் 10 கிலோவாட் மணி ஆற்றல் இருக்கிறது. மணிக்கு ஒரு லிட்டர் என்றால் 10 கிலோவாட் சூடு. நம் குளியலறை வாட்டர் ஹீட்டர் பெரும்பாலும் 3.6 கிலோவாட், கிட்டத்தட்ட மூன்று ஹீட்டர்களை விடாமல் ஓடவிட்டதற்குச் சமம். இதில் ஒரு பங்கு புகைபோக்கி வழியாக வெளியே போய்விடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். நிமிடத்துக்குப் பார்த்தால் சுமார் 17 மில்லிலிட்டர். ஒரு மேசைக்கரண்டியைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

ஆனால் அந்த ஒரு லிட்டர் முழுதாக எரிய ஏறத்தாழ 10 கன மீட்டர் காற்று வேண்டும். மாணவர்கள் நம்ப மாட்டார்கள். வகுப்பிலேயே ஒரு மீட்டர் நீள அகல உயரத்தைக் கையால் காட்டி, "இந்த மாதிரிப் பத்துப் பெட்டி" என்று சொல்லிப் பாருங்கள். காற்று பத்தாவிட்டால் கரும்புகை வரும்; கார்பன் மோனாக்சைடும் வரும்.

புகைபோக்கியின் வேலை புகையை வெளியே அனுப்புவது மட்டும் என்று நினைக்கிறோம். உண்மையில் அதுதான் இந்த அடுப்பின் மூச்சு. உள்ளே இருக்கும் சூடான வாயு வெளிக்காற்றைவிட லேசானது, மேலே ஏறுகிறது. அது ஏற ஏற, கீழே துளைகள் வழியாகப் புதுக்காற்று இழுக்கப்படுகிறது. உயரம் குறைந்தாலோ கரி அடைத்தாலோ இழுவிசை குறையும், அடுப்பு திணறும், வாயு பட்டறைக்குள்ளேயே திரும்பும்.

எழுதாமல் விடக்கூடாத பகுதி

தண்ணீர். பழைய எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. தாளிக்கும்போது கடுகோடு ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் எண்ணெய் எப்படித் தெறிக்கிறது என்று அம்மாவிடம் கேளுங்கள். தண்ணீர் நீராவியாகும்போது சுமார் 1,700 மடங்கு விரிகிறது. தாளிப்புக் கரண்டியில் அது கையில் ஒரு கொப்புளம். செந்தழலாகக் காய்ந்த தட்டில் ஒரு கரண்டித் தண்ணீர் சேர்ந்து விழுந்தால் எரியும் எண்ணெய் அடுப்புக்கு வெளியே வரும். அதனால்தான் எண்ணெயைப் பல நாள் அசையாமல் வைத்து, தண்ணீர் அடியில் தங்கிய பிறகு மேல்பகுதியிலிருந்து மட்டும் எடுக்கிறார்கள். சமையலறையில் எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள் என்று சொல்வதற்கும் காரணம் இதே 1,700 மடங்குதான்.

அணைந்த அடுப்பு. தீ அணைந்துவிட்டது, தட்டு இன்னும் சூடாக இருக்கிறது, எண்ணெய் சொட்டிக்கொண்டே இருக்கிறது என்று வையுங்கள். ஆவி உருவாகிக்கொண்டே இருக்கும், ஆனால் எரியாது. கூடு முழுக்க ஆவி நிறைந்த நேரத்தில் ஒருவர் மறுபடி பற்ற வைக்கப் போகிறார். அது பற்றவைப்பு இல்லை, வெடிப்பு. வால்வை மூடி, தட்டு முழுவதும் ஆறி, காற்று உள்ளே போய் வந்த பிறகே திறக்க வேண்டும். அதேபோலத் தொடக்கத்தில் தட்டைச் சூடேற்றப் பெட்ரோலைத் தொடவே கூடாது. சிறிது டீசலோ மண்ணெண்ணெயோதான்.

இன்னொன்று கொஞ்சம் நுட்பமானது. விடியற்காலைக் குளிரில் எண்ணெய் பாகுபோலக் கெட்டியாக இருக்கும், மெதுவாக இறங்கும். வால்வைச் சற்று அதிகம் திறந்து வைப்பார்கள். பட்டறை சூடாகச் சூடாக எண்ணெய் இளகும், அதே வால்வு வழியாக அதிகம் இறங்கும், தீ பெரிதாகும், பட்டறை இன்னும் சூடாகும், எண்ணெய் இன்னும் இளகும். யாரும் எதையும் தொடாமலே தீ வளர்ந்துகொண்டு போகும். ஆகவே இந்த அடுப்பைப் பற்ற வைத்துவிட்டுச் சாப்பிடப் போக முடியாது. காரண-விளைவுத் தொடருக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. மாணவர்களை 'அதனால்' என்ற சொல்லைத் திரும்பத் திரும்பப் போடாமல் இந்தச் சங்கிலியை எழுதச் சொல்லுங்கள்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, தூக்கம், பிறகு நினைவிழப்பு. குளிருக்குக் கதவு சன்னலை எல்லாம் அடைத்த பட்டறையில் இது நடக்கும். பழைய வாயுத் தோம்பை வெட்டுவதும் இப்படித்தான்: 'காலி' என்று நாம் சொல்லும் தோம்பில் வாயு மிச்சம் இருக்கும், வெட்டும் பொறியே போதும்.

சரி, நம்ம வர்க்‌ஷாப்பில்?

கூடாது. குளிர் இல்லை என்பதற்காக மட்டும் அல்ல. தண்ணீர் காய்ச்ச, அலுமினியம் உருக்க என்று வேறு காரணம் சொல்லிக்கொண்டு சிலர் இதே அடுப்பைக் கேட்பார்கள். எஞ்சினில் ஓடிய எண்ணெய் புது எண்ணெய் அல்ல. அதில் ஈயம், காட்மியம், குரோமியம் போன்ற உலோகங்கள் இருக்கலாம். குளோரின் கலந்த கரைப்பான் ஏதாவது சேர்ந்திருந்தால் புகையே நச்சு. உலோகம் எரிந்து மறையாது. சாம்பலாகத் தட்டில் தங்கும், மீதி புகைபோக்கி வழியாகப் பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் துணிமேல் இறங்கும்.

மலேசியாவில் பயன்படுத்திய மசகெண்ணெய், 2005-ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிமுறைகளில் எஸ்.டபிள்யூ 305 என்ற குறியீட்டில் வருகிறது. பெயரொட்டிய கொள்கலனில், 180 நாளுக்கு மிகாமல், 20 டன்னுக்கு மிகாமல் வைத்து, உரிமம் பெற்றவரிடம் ஒப்படைக்க வேண்டும். சிங்கப்பூரில் நச்சுத் தொழிற்கழிவு விதிமுறைகளின் கீழ் உரிமம் பெற்ற சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். அந்த எண்ணெய் வீணாகப் போவதில்லை, சுத்திகரித்து மறுபடியும் மசகெண்ணெயாக்கலாம். கால்வாயில் ஊற்றுவதைவிட எரிப்பது நல்லதுதானே என்று மாணவர் கேட்டால், மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது என்று காட்டுங்கள்.

அமெரிக்காவில் அனுமதி உண்டு, ஆனால் நிபந்தனையோடு: தன் பட்டறையில் சேர்ந்த எண்ணெய் அல்லது வீட்டில் தாமே எண்ணெய் மாற்றுபவர்கள் கொண்டுவந்து தந்தது மட்டும், அடுப்பின் திறன் மணிக்கு 5 லட்சம் பி.டி.யு.வுக்கு, அதாவது சுமார் 146 கிலோவாட்டுக்கு, மேல் கூடாது. புகை கட்டடத்துக்கு வெளியே போக வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2016 ஏப்ரலிலிருந்து, கழிவு எரியாலைகளுக்கான கடுமையான விதிகள் சிறிய கழிவெண்ணெய் அடுப்புகளுக்கும் பொருந்துகின்றன. சிறு பட்டறைக்கு அது கட்டுப்படியாகாது.

வகுப்புக்கு

தேர்வு மாணவர்கள் ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். ஆவி, நீராவி, புகை மூன்றும் ஒன்றல்ல. ஆவி என்பது சூட்டில் வாயுவாகிய திரவம். நீராவி, தண்ணீரின் ஆவி. புகை, எரிந்தும் எரியாமலும் மிஞ்சிய துகள்கள் கலந்தது. மேலே சொன்ன மாணவனின் வாக்கியத்தில் 'புகை வந்து' என்பதை 'ஆவியாகி' என்று மாற்றினாலே அறிவியல் பாதி சரியாகிவிடுகிறது. 'செய்யப்படுகிறது', 'ஊற்றப்படுகிறது' என்று ஒவ்வொரு வாக்கியத்தையும் முடிப்பதையும் குறையுங்கள். எண்ணெய் தானே விழுகிறது, ஆவி தானே ஏறுகிறது. அவற்றையே எழுவாயாக்கினால் வாக்கியம் நடக்கும்.

பயிற்சிக்கு இரண்டு வினாக்கள் தருகிறேன். அகல் விளக்கின் திரியும் கணப்படுப்பின் இரும்புத் தட்டும் எந்த வேலையில் ஒன்றுபடுகின்றன, எதில் வேறுபடுகின்றன என்று 80 சொற்களில் எழுதுக. அடுத்தது சற்றுக் கடினம்: பட்டறை உரிமையாளர் ஒருவர் தம் பழைய எண்ணெயைத் தாமே எரித்துவிடலாம் என்று நினைக்கிறார், அவருடைய பிள்ளையாக இருந்து, மரியாதை குறையாமல், காரணங்களோடு அவருக்கு ஒரு கடிதம் எழுதுக. இரண்டாவது வினாவுக்கு 'அன்புள்ள அப்பாவுக்கு' என்று தொடங்கும் உறவுமுறைக் கடித வடிவமே போதும். விதி எண்களை மனப்பாடம் செய்து எழுதியவருக்கும், தண்ணீர் ஏன் ஆபத்து என்பதைத் தன் சொற்களில் எழுதியவருக்கும் மதிப்பெண் போட வேண்டி வந்தால், நான் இரண்டாமவருக்கே கூடுதலாகப் போடுவேன்.