கணிப்பொறியுடன் வரிவரியாக உரையாடுதல்

நாம் எழுதும் கட்டளைகளைக் கணிப்பொறிக்கு உணர்த்துவதில் இருவகை முறைகள் உண்டு. நூல் முழுவதையும் மொழிபெயர்த்து முடித்த பின்னரே வாசகரிடம் அளிப்பதைப் போன்றது ஒன்று. மேடைப் பேச்சாளரின் அருகில் நின்று, வாக்கியத்திற்கு வாக்கியம் பெயர்த்துரைக்கும் துபாஷியைப் போன்றது மற்றொன்று. இன்டர்பிரட்டர் எனப்படுவது இரண்டாம் வகையினது. அச்சேறிய பின்னரே பிழை கண்ணிற்படும் துன்பத்தை மொழிபெயர்ப்புத் தொழிலினர் நன்கறிவர். வரிக்கு வரி விடை கிடைக்கும் முறை, புதிதாய்க் கற்போருக்குப் பெரிதும் அனுகூலமானது.

நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ரோசம் என்பார் 1991-இல் வெளியிட்ட பைத்தான் மொழியின் இன்டர்பிரட்டர் இலவசமாகக் கிடைக்கிறது. அதனைத் திறந்தவுடன் >>> என்னும் அடையாளம் தோன்றும். கட்டளைக்குக் காத்திருக்கிறது என்பது பொருள். 7+5 என எழுதி என்டர் விசையை அழுத்தினால், அடுத்த வரியில் 12 என விடை வரும்.

இனி ஒரு மழைக் கணக்கைப் பார்ப்போம். மூன்று நாட்களில் 12, 18, 30 மில்லிமீட்டர் மழை பெய்தது. சராசரி காண 12+18+30/3 என எழுதினால் விடை 40.0 என வரும். வகுத்தலை முதலிற் செய்வது கணித விதி. ஆகவே 30 மட்டுமே வகுபட்டது. (12+18+30)/3 என எழுதினாற்றான் 20.0 என்னும் சரியான விடை கிட்டும். முன்னைய வரியில் யந்திரம் எவ்விதக் குறையும் கூறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவ்வெண் அறிக்கையில் ஏறிவிடின், சராசரி மழை இருமடங்காகப் பதிவாகிவிடும்!

நமது வழக்கப்படி 1,25,000 எனக் காற்புள்ளியிட்டு எழுதுவதும் இத்தகையதே. (1, 25, 0) என மூன்று தனித்தனி எண்களாகவே அது கொள்ளப்படும். 125000 எனச் சேர்த்தெழுதுக.

5/0 என எழுதினாலோ, பூஜ்யத்தால் வகுத்த பிழையென்று சில வரிகள் தோன்றும். இதனைக் கண்டு மாணவர் அஞ்ச வேண்டுவதில்லை. கடைசி வரியை முதலிற் படித்தால் காரணம் விளங்கும். வாய்திறந்து சொல்லும் பிழையைவிட வாளாவிருக்கும் பிழையே அபாயமானது. ஆதலின், எதிர்பார்க்கும் விடையைத் தாளில் குறித்த பின்னரே என்டர் விசையை அழுத்துமாறு ஆசிரியர்கள் பழக்குதல் நலம்.

பைத்தான் 3-ஆம் பதிப்பில் எண்களுக்குத் தமிழிலேயே பெயரிடலாம். மழை = 12+18+30 என எழுதியபின் மழை/3 எனக் கேட்டால் 20.0 என்றே விடை வரும். ஆனால் இன்டர்பிரட்டரை மூடியவுடன் அப்பெயரும் மதிப்பும் மறைந்துவிடும். மீண்டும் வேண்டப்படும் வரிகளைத் தனிக் கோப்பில் எழுதிச் சேமித்துக்கொள்ள வேண்டும்.