வீசிய கையை நிறுத்துவது யார்? டென்னிஸ் வீரர்களின் ரெசிஸ்டன்ஸ் பேண்ட்

சர்வ் போடும்போது டென்னிஸ் வீரரின் கை எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது? 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் ஆடியவர்களைக் கேமராவில் பதிவு செய்து ஆய்வாளர்கள் இதைக் கணக்கிட்டார்கள். பந்தை அடிக்கும் தறுவாயில் ஆண் வீரர்களின் மேல்கை, தோள்மூட்டுக்குள் உள்நோக்கித் திரும்பும் வேகம் சராசரியாக விநாடிக்கு 2,400 பாகை அளவுக்குப் போனது. அதே வேகம் ஒரு விநாடி நீடித்தால் கை ஆறு முழுச் சுற்றுக்கு மேல் சுற்றிவிடும். பந்து ராக்கெட்டைத் தொட்டிருப்பதோ விநாடியில் சுமார் இருநூறில் ஒரு பங்கு நேரம்தான். பந்து பறந்துவிடுகிறது. வேகம் எடுத்த கையும் அதன் முனையில் இருக்கும் 300 கிராம் ராக்கெட்டும் அடுத்த கணமே நின்றாக வேண்டும்.

அந்தக் கையை நிறுத்தும் வேலை தோளின் பின்புறத்தில் இருக்கும் சிறிய தசைகளுடையது. தோள்மூட்டைச் சுற்றி நான்கு தசைகள் உறைபோல அமைந்திருக்கின்றன. இவற்றைச் சேர்த்து ரொட்டேட்டர் கஃப் என்பார்கள். நான்கில் பின்பக்கம் இருக்கும் இன்ஃப்ராஸ்பைனேட்டஸ், டெரஸ் மைனர் இரண்டும் கையை வெளிப்பக்கம் திருப்புபவை. சர்வ் முடிந்ததும் கை உள்நோக்கி ஓடும்போது, இவை நீண்டுகொண்டே இழுத்துப் பிடித்து வேகத்தைக் குறைக்கின்றன. வண்டியின் பிரேக்கைப் போல.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கையை முன்னால் வீசுபவை மார்புத் தசை, முதுகின் அகன்ற தசை போன்ற பெரிய தசைகள். ஒவ்வொரு சர்விலும் ஃபோர்ஹேண்டிலும் அவற்றுக்குப் பயிற்சி கிடைத்துக்கொண்டே இருக்கிறது. நிறுத்தும் தசைகள் அந்த அளவுக்கு வளர்வதில்லை. வெளிச்சுழற்சியின் பலம், உட்சுழற்சியின் பலத்தில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்காவது இருக்க வேண்டும் என்பது விளையாட்டு மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவுகோல். பல ஆண்டு ஆடியவர்களின் ஆட்டக் கையில் இந்த விகிதம் சரிந்துபோவதுண்டு. தோள்வலிக்கான காரணங்களில் இதுவும் ஒன்று. சர்வ் வேகத்தைக் கூட்ட ஆசைப்படுபவர் முதலில் கவனிக்க வேண்டியது இந்தப் பின்பக்கத் தசைகளைத்தான்.

டம்பெல் ஏன் போதாது?

டம்பெல் எப்போதும் பூமியை நோக்கியே இழுக்கும். நின்றுகொண்டு, முழங்கையை விலாவோடு ஒட்டி, டம்பெல்லைப் பிடித்தபடி முன்கையை வெளிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். எடையைத் தாங்கும் வேலை முழங்கையை மடக்கும் தசைக்குத்தான் போகும். சுழற்றும் தசைக்கு ஏறக்குறைய ஒன்றும் இல்லை. அந்தத் தசைக்குச் சுமை தர வேண்டுமானால் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். யாரும் படுத்துக்கொண்டு டென்னிஸ் ஆடுவதில்லை.

ரெசிஸ்டன்ஸ் பேண்ட் என்னும் இழுபடும் ரப்பர் பட்டைக்குத் திசைக் கட்டுப்பாடு கிடையாது. எங்கே கட்டுகிறோமோ அந்தப் பக்கம் இழுக்கும். பக்கவாட்டில், மேலிருந்து கீழாக, குறுக்காக என்று டென்னிஸில் கை போகும் எந்தப் பாதையிலும், நின்ற நிலையிலேயே சுமை ஏற்றலாம்.

இன்னொரு குணம் ரப்பரின் உள்ளமைப்பிலிருந்து வருகிறது. ரப்பர் என்பது சுருண்டு பின்னிக் கிடக்கும் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளின் கூட்டம். இழுக்கும்போது அவை ஒரே வரிசையில் நேராகின்றன. விட்டால் பழைய குழப்பத்துக்கே திரும்பப் பார்க்கின்றன. இதை உதட்டாலேயே உணரலாம். அகலமான ரப்பர் துண்டு ஒன்றைச் சட்டென்று இழுத்து உதட்டில் வைத்தால் சூடு தெரியும். சற்றுப் பொறுத்துத் தளர்த்தி மறுபடி வைத்தால் குளிர்ச்சி. பார்வையற்றவரான ஆங்கிலேய அறிஞர் ஜான் கஃப், 1805இலேயே இப்படி உதட்டால் தொட்டறிந்து எழுதி வைத்திருக்கிறார்.

இழுக்க இழுக்க எதிர்ப்பு கூடும் என்பதுதான் பயிற்சி செய்பவருக்கு இதிலிருந்து வேண்டிய சேதி. பரவலாகப் புழங்கும் ஒரு தயாரிப்பின் சிவப்பு பேண்ட், இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுபடும்போது சுமார் 1.7 கிலோ எதிர்ப்பைத் தரும். மூன்று மடங்குக்கு இழுத்தால் சுமார் 2.5 கிலோ. அந்த வரிசையில் மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு என்று தடிமன் ஏறும். எல்லா நிறுவனமும் இதே நிறவரிசையைப் பின்பற்றுவதில்லை என்பதால், கடையில் நிறத்தை மட்டும் நம்பாமல் இழுத்துப் பார்த்து வாங்குவது நல்லது. பேண்டைப் பிடிக்கும் இடம் தினமும் மாறினால் எதிர்ப்பும் மாறிவிடும். பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

தோளுக்கு ஒரு பயிற்சி, முழுமையாக

பேண்டை முழங்கை உயரத்தில், அசையாத ஜன்னல் கம்பியிலோ நெட் கம்பத்திலோ கட்டுங்கள். வலக்கை ஆட்டக்காரர் என்றால் இடப்பக்கம் கம்பத்தைப் பார்த்திருக்க நில்லுங்கள். வலக்கை முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே ஒரு சிறு துண்டைச் சுருட்டி வையுங்கள். முன்கை வயிற்றின் குறுக்கே இருக்கட்டும். பேண்ட் தொடக்கத்திலேயே தொய்வில்லாமல் இருக்க வேண்டும்.

இப்போது முன்கையை மெதுவாக வெளிப்பக்கம் திருப்புங்கள். துண்டு கீழே விழுந்தால் முழங்கை விலகிவிட்டது என்று பொருள். மணிக்கட்டு மடங்கினாலோ உடம்பு சேர்ந்து திரும்பினாலோ பேண்ட் தடிமனாக இருக்கிறது, மெல்லியதற்கு மாறுங்கள். கடைசிவரை திருப்பி ஒரு நொடி நிறுத்தியபின், மனத்துக்குள் நாலு எண்ணியபடி, பேண்ட் இழுக்கும் இழுப்புக்கு எதிர்ப்புக் காட்டிக்கொண்டே கையைப் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள்.

பெரும்பாலோர் கோட்டை விடுவது இந்தத் திரும்பும் வழியில்தான். வெளியே இழுத்துவிட்டுப் படக்கென்று விட்டுவிடுவார்கள். சர்வ் முடிந்தபின் பின்தசை என்ன வேலை செய்கிறதோ, அதே வேலையைத்தான் இந்த நாலு எண்ணிக்கையில் அது செய்கிறது: நீண்டுகொண்டே இழுத்துப் பிடிப்பது. அதைத் தவறவிட்டால் டென்னிஸுக்கு வேண்டிய பாதி பலன் போய்விடுகிறது.

இது பழகியபின், மேல்கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி, சர்வ் போடும் நிலையிலேயே இதைச் செய்யலாம். கூடவே, பேண்டை இரு கையாலும் பின்னோக்கி இழுத்துத் தோள்பட்டை எலும்புகளை முதுகின் நடுவே சேர்க்கும் ரோயிங் பயிற்சியையும் செய்யுங்கள். கை இயங்கும் அடித்தளம் அந்த எலும்புதான். அது ஆடினால் மூட்டும் ஆடும்.

சமநிலை இடுப்பில் இருக்கிறது

சர்வின் ஆற்றலில் பாதி அளவு கால்களிலிருந்தும் நடுவுடலிலிருந்தும் வருகிறது. டென்னிஸ் ஓட்டமும் பெரும்பாலும் பக்கவாட்டு ஓட்டம். தனிநபர் கோர்ட்டின் அகலம் 8.23 மீட்டர், எட்டாத பந்துக்கு ஓடி, ஒற்றைக் காலை ஊன்றி, அடித்து, உடனே நடுவுக்குத் திரும்ப வேண்டும். ஊன்றிய காலில் முழங்கால் உள்பக்கம் சரியாமல் பார்த்துக்கொள்வது இடுப்பின் பக்கவாட்டுத் தசையான குளூட்டியஸ் மீடியஸ். இங்கும் நிறுத்தும் பலம்தான் பேசுகிறது.

இதற்கு வளையமாக வரும் மினி பேண்ட் போதும். முழங்காலுக்குச் சற்று மேலே மாட்டி, எதிராளியின் சர்வுக்குக் காத்திருப்பதுபோல் தாழ்ந்து நின்று, பக்கவாட்டில் பத்து அடி, திரும்பப் பத்து அடி எடுத்து வையுங்கள். பின்னால் வரும் காலைத் தொப்பென்று சேர்த்துவிடாமல், இழுப்பைத் தாங்கி மெதுவாக வையுங்கள்.

இன்னொன்று: நீண்ட பேண்டின் ஒரு முனையைக் கம்பத்தின் அடியிலும் மறு முனையை வலது கணுக்காலிலும் கட்டி, இடக்காலில் மட்டும் நின்று, வலக்காலை முன்னும் பக்கமும் பின்னும் மெல்ல அசையுங்கள். அசைவது வலக்காலாக இருந்தாலும் நிலைதடுமாறாமல் காக்கும் உழைப்பு முழுக்க ஊன்றிய இடக்காலுக்குத்தான்.

நடுவுடலுக்கு பாலஃப் பிரஸ். பேண்ட் பக்கத்திலிருந்து இழுக்க, இரு கையாலும் அதை மார்புக்கு நேரே நீட்டி, உடம்பு திரும்பாமல் பிடித்து நிற்பது. பார்க்க எளிது, பத்து நொடியில் வயிற்றுத் தசை நடுங்கத் தொடங்கும்.

முழங்கைக்கும் இதே பாடம்

டென்னிஸ் எல்போ என்னும் முழங்கை வலிக்கும் ரப்பர் கைகொடுக்கிறது. நியூயார்க்கில் நடந்து 2010இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், வளையும் ரப்பர் தண்டு ஒன்றை முறுக்கி, வலிக்கும் கையின் மணிக்கட்டால் அந்த முறுக்கை மெதுவாக விடும் பயிற்சி தரப்பட்டது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட, இதையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு நல்ல குணம் தெரிந்தது. டைலர் ட்விஸ்ட் என்ற பெயரில் ஃபிசியோதெரபிஸ்டுகள் இன்று இதைக் கற்றுத்தருகிறார்கள்.

எவ்வளவு, எப்போது?

ஒரு செட்டுக்கு 15 முறை, 2 அல்லது 3 செட், வாரத்தில் மூன்று நாள். பதினைந்தாவது தடவை கடினமாக இருக்க வேண்டும். ஆனால் முறை கெடக் கூடாது. ஆட்டத்துக்கு முன்னால் மெல்லிய பேண்டில் ஒரே செட், வார்ம்-அப் அளவில் மட்டும். களைத்துப்போன பின்தசையோடு சர்வ் போடப் போனால் தோளைக் காப்பாற்ற ஆளில்லை. முழுப் பயிற்சியை ஆட்டம் முடிந்தபின் வைத்துக்கொள்ளுங்கள்.

வெயிலும் வியர்வையும் ரப்பரை அரிக்கும். ஒவ்வொரு முறையும் கீறலோ வெடிப்போ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். அறுந்து கண்ணில் அடித்தால் பெரிய ஆபத்து. ரப்பர் பால் ஒவ்வாதவர்களுக்கு லேடெக்ஸ் இல்லாத பேண்டுகள் கிடைக்கின்றன. பயிற்சியின்போது குத்தும் வலி வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். கால்களுக்குப் பெரும் பலம் வேண்டுமென்றால் ஸ்குவாட் போன்ற எடைப் பயிற்சியும் தேவை. பேண்ட் அதற்கு மாற்றாகாது.

பிள்ளைகளை டென்னிஸ் கோச்சிங்குக்கு அனுப்பும் பெற்றோரிடமும் கற்றுத்தரும் கோச்சுகளிடமும் ஒரு வேண்டுகோள். சர்வ் கற்றுத்தரும் முதல் வருடத்திலேயே வெளிச்சுழற்சிப் பயிற்சியையும் கற்றுத்தாருங்கள். வலி வந்த பிறகு ஃபிசியோதெரபி அறையில் அறிமுகமாகும் பேண்ட், வலி வருவதற்கு முன்பே கிட் பையில் இருக்கட்டும்.