மருளும் குதிரைக்குட்டியை வசப்படுத்தும் முறை

(ராயகிரி விவசாய டிமான்ஸ்டிரேட்டர் எழுதியது)

உழவுக்கும் பாரவண்டிக்கும் காளையையே நம்பிவந்த நமது பக்கத்தில், குதிரை குடியானவர்களின் பொதுப் பிராணியன்று. எனினும் கோயில் விழாவுக்கென்றும், வண்டிப் பந்தயத்துக்கென்றும், ஆசையின் பொருட்டும் குதிரை வாங்கும் நிலச்சுவான்தார்கள் தென் ஜில்லாக்களில் இன்றும் உளர். ஈரோடு ஜில்லா அந்தியூரில் ஆடி மாதத்துக் குருநாதசுவாமி விழாவையொட்டிக் கூடும் சந்தை குதிரைக்குப் பேர்போனது. சந்தையில் கை படாத இளங்குட்டியை வாங்கிவந்து, நாலு நாளில் அடித்துப் பணியவைக்க முயன்று, உதையும் கடியும் பெற்று, கடைசியில் வந்த விலைக்குத் தள்ளிவிடுவோர் உண்டு. பண நஷ்டம் ஒருபுறமிருக்க, பின்னங்கால் உதை ஒன்றே ஆளின் உயிரைப் போக்கிவிடக்கூடும். ஆகையால் சரியான முறையை அறிவது அவசியமாகும்.

குதிரையை அறியாது வளர்ப்பதால் வரும் நஷ்டம் பாண்டிநாட்டுக்குப் புதிதன்று. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, இந்நாட்டரசர் ஆண்டுதோறும் கடல்வழியாக 2,000-க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கினாரென்றும், ஆண்டு முடிவில் 100 கூட மிஞ்சுவதில்லையென்றும், பராமரிப்பு அறியாமையே இதற்குக் காரணமென்றும் எழுதியிருக்கிறார். தொகை மிகையாயிருக்கலாம், படிப்பினை மிகையன்று.

குட்டி மருளுவதேன்?

குதிரைக்குக் கொம்பில்லை. வேட்டை மிருகங்களிடமிருந்து ஓடித் தப்பியே அதன் வம்சம் பிழைத்தது. ஆகவே ஐயம் தோன்றியவுடன் ஓடுவதும், ஓட வழியில்லாதபோது உதைப்பதும் அதன் பிறவிக் குணம், கெட்ட புத்தியன்று. கண்கள் தலையின் இருபக்கமும் அமைந்திருப்பதால் ஏறக்குறைய 350 பாகை வட்டத்தை அது காண வல்லது. ஆனால் நேர் பின்புறமும், முகத்துக்கு நேர்முன் மிக அண்மையிலும் உள்ள இடம் அதற்குப் புலப்படாது. அவ்விடங்களில் திடீரென நீளும் கை, பாயவரும் மிருகம்போல் அதற்குத் தோன்றும்.

கோடியக்கரைக் காட்டிலும், இலங்கையைச் சேர்ந்த நெடுந்தீவிலும், முற்காலத்தில் மனிதர் வளர்த்த குதிரைகளின் சந்ததிகள் கட்டற்றுத் திரிகின்றன. வீட்டுப் பிராணியின் வம்சமேயாயினும், கை படாது வளர்ந்த குட்டிக்கு மனிதன் அந்நியன் என்பதற்கு இவை அத்தாட்சி.

பழக்கும் முறை

1. இடம்: 40 முதல் 60 அடி குறுக்களவுள்ள உறுதியான அடைப்பு வேண்டும். முள்கம்பி உதவாது. சாதுவான பெரிய குதிரையொன்று கண்ணுக்குத் தெரியும்படி கட்டியிருந்தால் குட்டி விரைவில் அமைதியடையும். நாய்களையும் வேடிக்கை பார்க்கும் சிறுவர்களையும் விலக்குக.

2. முதல் நாட்கள்: ஒரே ஆள், குறித்த நேரத்தில், தீவனமும் தண்ணீரும் வைத்துத் தாழ்ந்த குரலில் பேசிச் சிறிது நேரம் அங்கேயே இருக்கவேண்டும். தொடவும் வேண்டாம், துரத்தவும் வேண்டாம். பட்டினி போட்டுப் பணியவைத்தல் கூடாது. தீவனத்தைத் தொட்டியிலேயே வைக்கவேண்டும். வெல்லத்தைக் கையில் வைத்து ஊட்டினால் குட்டி கடிக்கப் பழகும்.

3. அணுகுதல்: கண்ணை உற்றுப் பாராமல், தோளை நோக்கிப் பக்கவாட்டில் மெல்ல நடக்கவேண்டும். தலை உயர்ந்து, மூக்குத் துவாரம் விரிந்து, கண்ணின் வெண்மை தெரிந்தால் அங்கேயே நிற்க. குட்டி அசையாது நின்று தலையைச் சற்றுத் தாழ்த்தியவுடன் ஓரிரண்டு அடி பின்வாங்குக. தான் அமைதியாக நின்றால் மனிதன் விலகுவான் என்பதே அது கற்கவேண்டிய முதற்பாடம். அது குதித்தோடும்போது நாம் விலகினால், குதிப்பதே பயன் தருமென்று கற்றுக்கொள்ளும்.

4. தொடுதல்: குதிரைகள் ஒன்றின் பிடரியடியை மற்றொன்று பல்லால் சொறிந்து உறவாடும். கழுத்து முதுகோடு சேரும் அவ்விடத்தைச் சொறிந்துகொடுத்தால் நாடித் துடிப்புத் தணிவதை ஆராய்ச்சியாளர் அளந்து கண்டிருக்கின்றனர். முதலில் முகத்தைத் தொடாது அங்கிருந்து தொடங்கிக் கழுத்து, முதுகு, கால் என்று வரிசையாகச் செல்க. தட்டிக்கொடுப்பதினும் சொறிந்துகொடுப்பதே நலம்.

5. தலைக்கயிறு: கயிற்றை முகர்ந்து பார்க்கவிட்டுப் பின் மாட்டவேண்டும். மெல்ல இழுத்துப் பிடித்து, குட்டி ஓர் அடி எடுத்துவைத்த கணத்திலேயே தளர்த்துக. குட்டிக்குப் பாடம் இழுப்பிலன்று, தளர்த்துவதிலேதான். இழுப்புக்கு இணங்கும்வரை தூணில் கட்டுதல் கூடாது, கழுத்து முறியக்கூடும். கட்டும்போது ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சே போடவேண்டும். கயிற்றைக் கையில் ஒருபோதும் சுற்றிக்கொள்ளலாகாது.

6. மற்றப் பழக்கங்கள்: குளம்பைத் தூக்குதல், சாக்கை முதுகில் இடுதல், குடை, மேளச் சத்தம் ஆகியவற்றைத் தூரத்திலிருந்து தொடங்கிச் சிறுகச் சிறுகக் காட்டுக. இடப்பக்கம் பழகியதை வலப்பக்கமும் புதிதாகக் கற்பிக்கவேண்டும்.

பாடம் ஒவ்வொன்றும் கால் மணி நேரத்துக்கு மேற்படாமல் நாளுக்கு இருமுறை நடத்துவது போதும். குட்டி அமைதியாக இருக்கும்போதே முடிக்கவேண்டும். சில குட்டிகள் ஒரு வாரத்திலும், அடிபட்டவை சில மாதங்களிலும் இணங்கும். 3 வயதுக்கு முன் வண்டியில் பூட்டலாகாது; அதன்பின்னும் எலும்பு முற்றும்வரை இலேசான வேலையே கொடுக்கவேண்டும்.

எச்சரிக்கை

நன்கு பழகிவந்த குட்டி திடீரென முரண்டினால், முதலில் வாய், பல், குளம்பு, முதுகுப் புண் ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். வலியைப் பிடிவாதமென்று கருதி அடிப்பது பெருந்தவறு. குதிரைக்கு ரணஜன்னி எளிதில் வருமாதலால், வாங்கியவுடன் கால்நடை மருத்துவரிடம் காட்டித் தடுப்பூசி போடுவிக்க வேண்டும்.

முள்வைத்த கடிவாளமும் முள்தடியும் 1965-ஆம் வருஷத்திய வண்டி, பொதிப் பிராணிகள் வதைத் தடுப்பு விதிகளால் விலக்கப்பட்டவை. கிராம அதிகாரிகள் பந்தய காலங்களில் இதனை ஜனங்களுக்கு எடுத்துரைப்பது நலம்.

கோபத்தோடு குதிரையை அணுகலாகாதென்று கிரேக்க நாட்டு ஸெனபோன் கிறிஸ்துவுக்கு முன் 4-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். அடிக்கு அஞ்சிப் பணிந்த குதிரை, அதனினும் பெரிய அச்சம் ஒன்று எதிர்ப்பட்டால், அது வெடிச்சத்தமாயினும் லாரியாயினும், ஓட்டுபவனை மறந்து ஓடும். நம்பிக்கையால் பழகிய குதிரையோ, அந்நேரத்தில் அவன் குரலுக்குச் செவிசாய்க்கும். கூட்டம் நிறைந்த தெருவில் வண்டியிலிருப்போர் உயிரும் வழியில் நிற்போர் உயிரும் இந்த வேற்றுமையையே பொறுத்திருக்கின்றன. ஆகையால் குட்டி வாங்குவோர், விலையோடு சில மாதப் பொறுமையையும் கணக்கில் சேர்த்துக்கொள்வார்களாக. அதற்கு அவகாசமில்லாதோர், ஏற்கெனவே பழகிய குதிரையை வாங்குவதே உத்தமம்.