ஒரு நாள், மூணே இடம்: குளத்தூர் பக்கம் ஃபேமிலி ரோடு ட்ரிப் பிளான் பண்ணுவது எப்படி?

போன பொங்கல் லீவுக்கு மொத்தக் குடும்பமும் குளத்தூரில் அப்பத்தா வீட்டில் இருந்தோம். கூகுள் மேப்பைத் திறந்து, நார்த்தாமலையில் ஆரம்பித்து திருமயம் கோட்டை வரை ஒரே நாளில் ஏழு இடம் என்று பிளான் போட்டது நான்தான். "எல்லாமே பக்கம் பக்கம்தானே!"

ராத்திரி வீடு திரும்பியபோது போனில் இருநூறுக்கும் மேல் போட்டோ. ஒன்றில்கூட அப்பத்தா இல்லை. ஏழு இடத்திலும் "நீங்க போய்ட்டு வாங்க, நான் வண்டியிலயே இருக்கேன்" என்று காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். திரும்பும் வழியில் அப்பாவுக்கு ஸ்டீயரிங்கிலேயே கண் சொருகியது. அம்மா தோளைத் தட்டியதால் தப்பித்தோம்.

எங்கே தப்பு? கிலோமீட்டரைக் கணக்குப் போட்ட நான், காரில் இருக்கும் ஆட்களைக் கணக்கில் எடுக்கவில்லை. ஃபேமிலி ட்ரிப்புக்கு ஒரு எளிய விதி இருக்கிறது: காரில் யாரால் மெதுவாகத்தான் நடக்க முடியுமோ, அவரை வைத்து பிளானை ஆரம்பியுங்கள்.

அதை எப்படிச் செய்வது?

இடத்தைத் தேர்வு செய்யும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். எவ்வளவு ஏற வேண்டும்? ஏறாதவர்களுக்குக் கீழே என்ன இருக்கிறது? அந்த நேரத்தில் அந்த இடம் திறந்திருக்குமா?

குளத்தூர் தாலுகாவையும் (தாலுகா ஆபீஸ் இருப்பது கீரனூரில்) அதைச் சுற்றியுள்ள பகுதியையும் இதற்கு உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். திருச்சி - புதுக்கோட்டை ரோட்டை ஒட்டிய ஏரியா என்பதால் இரண்டு ஊரிலிருந்தும் எளிதாக வரலாம்.

காலை: நார்த்தாமலை

மேலமலையில் இருக்கும் விஜயாலய சோழீஸ்வரம் 9ஆம் நூற்றாண்டுக் கோயில். மேற்குப் பார்த்த சன்னதி, உள்ளே வட்டமான கருவறை. சாத்தன் பூதி என்ற முத்தரையர் தலைவர் கட்டியது மழையில் இடிந்துபோக, மல்லன் விடுமன் என்பவர் புதுப்பித்தார் என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. எதிரிலேயே இரண்டு குடைவரைகள். அதில் ஒன்றின் சுவரில் 12 விஷ்ணு சிற்பங்கள் வரிசையாக நிற்கும்.

பிரச்சினை என்னவென்றால், வெறும் பாறையில்தான் ஏற வேண்டும். வெயில் ஏறினால் கால் வைக்க முடியாது, மழை பெய்தால் வழுக்கும். அதனால் இதுதான் முதல் ஸ்டாப். விடிந்ததும் ஏறி, வெயில் சுடுவதற்குள் இறங்கிவிடுங்கள். மேலே கடை கிடையாது, தண்ணீர் கொண்டுபோக வேண்டும். ஏற முடியாதவர்களுக்குக் கீழே முத்துமாரியம்மன் கோயில் இருக்கிறது.

வெயிலுக்கு முன்: சித்தன்னவாசல்

அறிவர் கோயில் என்ற சமணக் குடைவரையின் விதானத்தில் தாமரைக் குளம் ஓவியம் இருக்கிறது. மீன், யானை, எருமை, பூப்பறிக்கும் மனிதர்கள் என்று ஒவ்வொன்றாகக் குழந்தைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், போன் கேட்க மாட்டார்கள். சமணர் படுக்கைகள் உள்ள ஏழடிப்பட்டத்துக்குத் தனியாக மலையேற வேண்டும். சின்னக் குழந்தைகளும் பெரியவர்களும் இருந்தால் தயங்காமல் விட்டுவிடலாம். தொல்லியல் துறை டிக்கெட் உண்டு, 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம்.

மதியம்: சும்மா இருங்க

புதுக்கோட்டையில் சாப்பாடு. அசைவம் சாப்பிடுபவர்கள் முட்டை மாஸ் கேட்டு வாங்குங்கள், இந்த ஊர் ஸ்பெஷல். அதற்குப் பிறகு வண்டி ஓட்டுபவருக்கு அரை மணி நேரமாவது தூக்கம் கட்டாயம். 80 கி.மீ. வேகத்தில் போகும் கார் மூன்று நொடியில் 66 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். கண் சொருக அந்த மூன்று நொடி போதும். டிரைவர் தூங்கும் நேரத்தில் மற்றவர்கள் திருக்கோகர்ணத்தில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்குப் போகலாம். 1910இல் தொடங்கியது. வெள்ளிக்கிழமை விடுமுறை.

மாலை: குடுமியான்மலை

பொதுவாக மதியம் கோயில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் இதைக் கடைசியாக வையுங்கள். சிகாநாதசாமி கோயில் தரையிலேயே இருப்பதால் பெரியவர்களுக்கு வசதி. மண்டபத் தூண்களில் ஆள் உயரச் சிற்பங்கள். பின்பக்கப் பாறையில் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் இசைக் கல்வெட்டு. பாட்டுக் கிளாஸ் போகும் குழந்தை இருந்தால் கண்டிப்பாகக் காட்டுங்கள், கல்லில் எழுதிய ஸ்வரக் குறிப்பு அது.

இருட்டுவதற்குள் கிளம்பிவிடுங்கள். உள்ளூர் ரோடுகளில் எதிர்வெளிச்சமும் குறுக்கே வரும் ஆடு மாடும் ராத்திரியில் பெரிய தலைவலி.

கிளம்பும் முன் செக் பண்ண வேண்டியவை

* டயர் காற்றைக் காலையில், டயர் சூடாகும் முன் பாருங்கள். ஸ்டெப்னியையும் மறக்காதீர்கள்.
* பின் சீட்டிலும் பெல்ட் போட வேண்டும். 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு பெல்ட்டோ சைல்டு சீட்டோ இல்லாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம் (மோட்டார் வாகனச் சட்டம், 194பி பிரிவு). மடியில் வைத்துக்கொண்டால் பாதுகாப்பு என்பது நம் நினைப்பு மட்டும்தான். சடன் பிரேக்கில் கை பிடிக்காது.
* பெரியவர்களின் மாத்திரை டிக்கியில் வேண்டாம், கைக்கு எட்டும் பையில் இருக்கட்டும்.
* பாத்ரூம் எங்கே என்பதை முன்கூட்டியே யோசியுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்துங்கள். பெரியவர்கள் சிலர் இதற்குப் பயந்தே தண்ணீர் குடிக்க மாட்டார்கள், வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள்.
* அவசரத்துக்கு 108. தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் 1033.

இந்த வருஷம் என்ன ஆச்சு?

மூணே இடம் போனோம். நாங்கள் மலையேறும்போது அம்மா கீழே அப்பத்தாவோடு மாரியம்மன் கோயிலில் இருந்தார். இறங்கி வந்தபோது அப்பத்தா ஒரு கதையின் நடுவில் இருந்தார். சின்ன வயதில் பங்குனித் திருவிழாவுக்குக் குளத்தூரிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, தன் அப்பத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு இங்கே நடந்தே வருவாராம்.

இத்தனை வருஷத்தில் எங்கள் யாருக்கும் அது தெரியாது. நாங்கள் கேட்டதும் இல்லை. அன்றைக்கு சித்தன்னவாசலுக்கு ஒரு மணி நேரம் லேட்டாகத்தான் போனோம்.