நிறுவனப் பெயர்த் தேடல்

நிறுவனப் பெயர்த் தேடல் என்பது ஒரு நிறுவனத்தின் பெயரைக் கொண்டு அரசின் நிறுவனப் பதிவேட்டில் அதன் பதிவு விவரங்களைக் கண்டறியும் முறை ஆகும். புதிய நிறுவனம் தொடங்குவோர், கடன் வழங்கும் வங்கிகள், வைப்புத்தொகை செலுத்துவோர் முதலியோர் இதனைப் பயன்படுத்துகின்றனர். பயனருக்காகத் தாமே பல படிகளில் செயற்படும் செயற்கை நுண்ணறிவு முகவர்கள் எனப்படும் மென்பொருள்களும் அண்மைக்காலத்தில் இதனை ஒரு கருவியாகப் பயன்படுத்துகின்றன. பெயர் ஒன்றாயிருப்பதனாலேயே நிறுவனமும் ஒன்றே எனக் கொள்ளவியலாது என்பது இத்தேடலின் அடிப்படைச் சிக்கலாகும். இந்தியப் பதிவேடும் மதுரையோடு தொடர்புடைய சில பெயர்களும் இங்கு எடுத்துக்காட்டுகளாகக் கொள்ளப்படுகின்றன.

இந்தியப் பதிவேடு

இந்தியாவில் நிறுவனங்கள், நிறுவனங்கள் சட்டம், 2013இன் கீழ்ப் பதிவு செய்யப்படுகின்றன. மதுரை மாவட்ட நிறுவனங்கள் சென்னையிலுள்ள பதிவாளரின் எல்லைக்குள் அடங்கும். பெருநிறுவன விவகாரங்கள் அமைச்சகத்தின் எம்சிஏ-21 என்னும் மின்பதிவேடு 2006இல் தொடங்கப்பட்டது. இதில் ஒரு நிறுவனத்தின் அடிப்படை விவரங்களைக் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

ஏற்கனவே உள்ள நிறுவனத்தின் பெயரை மிகவும் ஒத்த பெயரைப் புதிய நிறுவனத்திற்கு வைக்கச் சட்டம் இடந்தருவதில்லை. 2014ஆம் ஆண்டின் விதிகளும் அவற்றின் 2019ஆம் ஆண்டுத் திருத்தமும் இதனை விரித்துரைக்கின்றன. இவற்றின்படி பன்மை, சொல்லிடைவெளி, நிறுத்தற்குறி, சொற்களின் வரிசை, ஒலிப்பு ஒத்த வேறு எழுத்துக்கூட்டல் ஆகியவற்றால் மட்டும் இரு பெயர்கள் வேறுபட்டவை ஆகிவிடா. ஊர்ப்பெயர் இல்லாத ஒரு பெயரின்முன் "மதுரை" என்று சேர்ப்பதும் பொதுவாகப் போதாது.

அடையாள எண்

ஒவ்வொரு நிறுவனத்திற்கும் 21 குறியீடுகள் கொண்ட அடையாள எண் வழங்கப்படுகிறது. இதன் அமைப்பு பின்வருமாறு:

- 1 எழுத்து: பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டதா (எல்), இல்லையா (யூ)
- 5 இலக்கங்கள்: தொழில் வகை
- 2 எழுத்துகள்: மாநிலம்
- 4 இலக்கங்கள்: பதிவான ஆண்டு
- 3 எழுத்துகள்: நிறுவன வகை
- 6 இலக்கங்கள்: பதிவு எண்

பெயர் மாறினாலும் பதிவான ஆண்டு மாறுவதில்லை. ஆயினும் பட்டியலிடப்படும்போதோ, பதிவு அலுவலகம் வேறு மாநிலத்திற்கு மாறும்போதோ இந்த எண்ணின் பகுதிகள் மாறக்கூடும். ஆகவே பழைய எண்களையும் சேர்த்து வைத்தல் வேண்டும்.

மதுரையோடு தொடர்புடைய பெயர்கள்

டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1911இல் மதுரையில் தொடங்கிய தொழிலிலிருந்து டிவிஎஸ் குழுமம் வளர்ந்தது. தமிழில் "சுந்தரம்" என ஒரே வகையாக எழுதப்படும் பெயர், இக்குழும வழிவந்த நிறுவனங்களின் ஆங்கிலப் பெயர்களில் இருவகையாக உள்ளது. சுந்தரம் ஃபைனான்ஸ் என்பதில் "டி", "ஆர்" எழுத்துகளுக்கு இடையே "ஏ" உண்டு. சுந்தரம் ஃபாசனர்ஸ் என்பதில் அது இல்லை.

இதனினும் சிக்கலானது சுந்தரம்-கிளேட்டன் என்னும் பெயர். 1962இல் பதிவான அந்நிறுவனம் 2023இல் டிவிஎஸ் ஹோல்டிங்ஸ் எனப் பெயர் மாறியது. அதன் வார்ப்புத் தொழில் பிரிக்கப்பட்டு, 2017இல் பதிவான வேறொரு நிறுவனத்திடம் சேர்ந்தது. சுந்தரம்-கிளேட்டன் என்னும் பெயர் இப்போது அதற்கு உரியது. 2020ஆம் ஆண்டு ஆவணமொன்றில் காணப்படும் இப்பெயரை இன்றைய பதிவேட்டில் தேடுபவருக்கு வேறு நிறுவனமே கிடைக்கும். அடையாள எண்ணிலுள்ள 1962, 2017 என்னும் ஆண்டுகளே இரண்டையும் வேறுபடுத்துகின்றன.

ஊர்ப்பெயரும் இருப்பிடத்திற்குச் சான்றாகாது. ஆங்கிலேயர் காலத்தில் மதுரை, ஆங்கிலத்தில் "மதுரா" என எழுதப்பட்டது. ஹார்வி சகோதரர்களின் மதுரா மில்ஸ் 1974இல் மதுரா கோட்ஸ் ஆயிற்று. அதன் ஆடைப் பிரிவாகிய மதுரா கார்மென்ட்ஸ் பின்னர் ஆதித்ய பிர்லா குழுமத்திற்கு விற்கப்பட்டது. அதன் தலைமையிடம் பெங்களூரில் அமைந்தது. இந்தோனேசியாவிலும் மதுரா என்னும் தீவு உள்ளதால், பல நாட்டுப் பதிவேடுகளில் ஒருங்கே தேடும்போது குழப்பம் மேலும் கூடும்.

ஒப்பீட்டு முறைகள்

எழுத்துக்கூட்டல் வேறுபாடுகளைக் கடக்க இரு முறைகள் பரவலாகப் பயன்படுகின்றன. ஒரு சொல்லை மற்றொன்றாக மாற்றத் தேவைப்படும் எழுத்து மாற்றங்களின் எண்ணிக்கையே லெவன்ஷ்டைன் தொலைவு (1965) ஆகும். சுந்தரம் என்பதன் இரு ஆங்கில வடிவங்களுக்கும் இடையே இத்தொலைவு 1.

1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ் முறை, முதலெழுத்தை வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளை நீக்கி, ஒலியால் நெருங்கிய மெய்யெழுத்துகளுக்கு ஒரே எண்ணை வழங்குகிறது. சுந்தரம் என்பதன் இரு வடிவங்களும் எஸ்-536 என்றே அமைகின்றன. ஆனால் மீனாட்சி என்னும் பெயரை "கே, எஸ், எச்" இட்டு எழுதினால் எம்-520 எனவும், "டி, சி, எச்" இட்டு எழுதினால் எம்-532 எனவும் வருகிறது. ஆங்கில ஒலிகளுக்கென அமைந்த இம்முறை தமிழ்ப் பெயர்களுக்கு முழுமையாகப் பொருந்தாது. அழகர் என்பதன் ழகரத்தை "எல்" என்றும் "இசட், எச்" என்றும் எழுதுவதிலும் இதே இடர் உண்டு.

முகவர்களின் பயன்பாடு

ஐக்கிய இராச்சியத்தின் நிறுவனப் பதிவகம் 2015 முதல் தன் மின்தரவுகளை இலவசமாக வழங்குகிறது. 2010இல் தொடங்கப்பட்ட ஓப்பன்கார்ப்பரேட்ஸ் தளம் பல நாட்டுப் பதிவேடுகளைத் தொகுத்தளிக்கிறது. இத்தகைய தரவுத்தளங்களை முகவர்களுடன் இணைக்கப் பொது நெறிமுறைகளும் உருவாகியுள்ளன. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் அவற்றுள் ஒன்று.

பெயர்த் தேடல் இருவேறு வினாக்களுக்கு விடை தருகிறது. புதிய பெயர் வேண்டுவோர் "இதனை ஒத்த பெயர் உண்டா?" என்று வினவுகின்றனர், அவர்களுக்கு நெருங்கிய ஒப்புமையே விடையாகும். பணம் செலுத்துமுன் சரிபார்ப்போர் "இது எந்த நிறுவனம்?" என்று வினவுகின்றனர், அவர்களுக்கு ஒப்புமை சான்றாகாது. பெயர் பெற்ற நிறுவனத்தை ஒத்த பெயரில் பணம் பறிப்போருக்கு இவ்வேறுபாட்டை மறப்பதே வாய்ப்பாகிறது. எனவே நல்ல கருவி ஒரே விடையைத் தராது, பொருந்தக்கூடிய அனைத்தையும் அடையாள எண், முந்தைய பெயர், முகவரி, தற்போதைய நிலை ஆகியவற்றோடு தருதல் வேண்டும். அவற்றால் ஐயம் தீராவிடில் முகவர் தானே தெரிவு செய்யாது பயனரைக் கேட்டல் வேண்டும்.

வரம்புகள்

தனியுரிமைக் கடைகளும் கூட்டாண்மை நிறுவனங்களும் நிறுவனப் பதிவேட்டில் இடம்பெறுவதில்லை. கூட்டாண்மைகள் 1932ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மாநிலப் பதிவுத்துறையில் பதிவு செய்யப்படுகின்றன. ஆகவே மதுரையின் ஒரு சுங்குடிச் சேலைக் கடையின் பெயர் நிறுவனப் பதிவேட்டில் இல்லை என்பதனால் அக்கடை போலி ஆகிவிடாது. அதுபோலவே, பதிவேட்டில் பெயர் இருப்பது அந்நிறுவனம் சட்டப்படி உருவாக்கப்பட்டது என்பதை மட்டுமே காட்டும். அதன் நாணயத்திற்கு உறுதி அளிக்காது.