விசிறி விரிக்கும் ஓணான்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், விலங்கியல்)

சித்தன்னவாசல் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது அறிவர் கோயிலின் விதானத்தில் தீட்டப்பட்டுள்ள தாமரைத் தடாகமே. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த அவ்வோவியத்தைக் காண எங்கிருந்தெல்லாமோ மக்கள் வருகின்றனர். ஆயின் அக்குன்றைச் சுற்றியுள்ள பொட்டல் வெளியிலும் வண்ணம் காட்டும் உயிர் ஒன்று உண்டு. அதுவே விசிறித்தொண்டை ஓணான்.

வேலியில் அமர்ந்து தலையாட்டும் ஓணானை நாம் அனைவரும் அறிவோம். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணானின் தலையும் தொண்டையும் சிவந்துவிடும். இரத்தம் உறிஞ்சுவதால்தான் சிவக்கிறது என்பது வெறுங்கதை. அது உண்பது பூச்சிகளையே.

விசிறித்தொண்டை ஓணான் வேறு இனம். உடல் ஐந்தாறு சென்டிமீட்டர்தான். வால் அதைவிட நீளம். தரையின் நிறத்தோடு நிறமாய்க் கிடக்கும். துரத்தினால் சில வேளை பின்னங்கால் இரண்டில் மட்டும் எழுந்து ஓடும். அப்பின்னங்கால்களில் ஐந்துக்குப் பதில் நான்கு விரல்களே இருப்பது இதன் தனி அடையாளம்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியவன் நானே முதல்வன். என் தந்தை ஆடு மேய்ப்பவர். "வேலியில இருக்கிறது வேற, தரையில ஓடுறது வேற" என்று அவர் சிறுவயதிலேயே எனக்குக் காட்டியிருக்கிறார். சென்ற கோடையில் சித்தன்னவாசல் அருகே, ஒரு சிறு கல்லின் மேல் ஏறி நின்ற ஆண் ஓணான் தன் தொண்டையை விசிறிபோல் விரித்து விரித்து மடக்கியதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நீலம் ஒரு கணம் மின்னி மறைந்தது.

இது எவ்வாறு நிகழ்கிறது? தொண்டைக்குள் நாவடி எலும்பைச் சார்ந்த மெல்லிய குருத்தெலும்புக் கம்பிகள் உள்ளன. தசைகள் அவற்றை முன்தள்ளும்போது, குடைக்கம்பி துணியை விரிப்பதுபோல் தோல் விரிகிறது. தளர்ந்தால் மடிந்துவிடும்.

எதற்காக? பெண்ணை அழைக்கவும், எல்லைக்குள் நுழையும் வேறு ஆணை எச்சரிக்கவும். எந்நேரமும் வண்ணம் தெரிந்தால் வல்லூறின் கண்ணிலும் படுமன்றோ! ஆகவே தேவைப்படும்போது மட்டும் விரிக்கிறது. இவற்றுக்கு நெருங்கிய உறவில்லாத அமெரிக்க அனோல் பல்லிகளிடமும் இத்தகைய விசிறி தனியே தோன்றியிருப்பது வியப்புக்குரியது.

1829-ல் பிரெஞ்சு அறிஞர் குவியே, புதுச்சேரியின் பெயரால் 'சிட்டானா பாண்டிசெரியானா' என்று ஓர் இனத்துக்குப் பெயரிட்டார். நெடுங்காலம் நம் பகுதியின் விசிறித்தொண்டை ஓணான்கள் பெரும்பாலும் அப்பெயராலேயே குறிக்கப்பட்டன. 2016-ல்தான் தமிழகத்திலிருந்து இரண்டு புதிய இனங்கள் விவரிக்கப்பட்டன. ஒன்றின் பெயர் 'சிட்டானா விசிறி', நம் கைவிசிறியேதான்! மற்றது 'சிட்டானா மருதம்நெய்தல்'. சங்கத் திணைகளின் பெயர். அறிவியல் ஏட்டில் நம் தாய்மொழிச் சொற்கள் ஏறியிருப்பதைக் கண்டு நான் பெருமிதம் கொண்டேன்.

ஆயினும் இவ்வுயிருக்கு நாம் விட்டுவைத்திருப்பது என்ன? இது வாழ வெயில் படும் திறந்தவெளியும், சிறு புதர்களும், ஏறி நின்று விசிறி காட்ட ஒரு கல்லும் வேண்டும். அத்தகைய நிலத்துக்கு நாம் இட்ட பெயர் 'தரிசு'. அங்கே தைல மரங்களை நெருக்கமாக நட்டாலும் மனைகளாகப் பிரித்தாலும் யாரும் வருந்துவதில்லை. போதாக்குறைக்கு, தாகத்துக்கு அணில் இளநீர் தந்தது, ஓணான் சிறுநீர் தந்தது என்னும் கதையைச் சொல்லிச் சிறுவர்கள் கல்லெறிகிறார்கள்.

நண்பர்களே! குகையோவியத்துக்குக் காவல் உண்டு. குன்றடியில் வாழும் இவ்வோவியத்துக்கு இல்லை. அடுத்த முறை சித்தன்னவாசல் செல்லும்போது சற்றுத் தரையையும் பாருங்கள். எந்த மாதத்தில், எந்த இடத்தில், எத்தனை ஓணான்கள் விசிறி விரிக்கின்றன என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. கண்ணும் பொறுமையும் போதும். நிலம் ஒன்றைத் தரிசு என்று எழுதுமுன் அங்கே யார் குடியிருக்கிறார் என்று சொல்ல, அக்குறிப்பேடு நமக்குத் துணை நிற்கும்.