கோக்கோவும் சுக்கும்: காஞ்சிபுரத்து இல்லங்களுக்கேற்ற ஒரு சூடான பானம்

தேயிலையும் காப்பியும் போலக் கோக்கோவும் அயல்நாட்டிலிருந்து வந்து நம் மண்ணில் வேரூன்றிய பயிராகும். கிழக்கிந்தியக் கம்பெனியார் 1798-ஆம் ஆண்டில் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த குற்றாலத்தில் இதனைப் பயிரிட்டுப் பார்த்தனர். எனினும் வியாபாரத்துக்கென நம் நாட்டில் இது விரிவாகப் பயிரானது 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேதான். இப்பொழுது பொள்ளாச்சி, ஆனைமலை முதலிய இடங்களில் தென்னந்தோப்பின் நிழலில் ஊடுபயிராக விளைகிறது. இவ்விதம் நம் மாநிலத்திலேயே விதை கிடைக்கும்போது, காஞ்சிபுரம் வட்டாரத்துக் குடும்பங்கள் டப்பாவில் அடைத்த இனிப்புத் தூளையே நாடுவானேன்? அத்தகைய தூள்கள் பலவற்றில் நிறையால் மிகுந்தது சர்க்கரையே. உறையின்மேல் அச்சிட்ட பட்டியலில் முதலாவதாக நிற்கும் பொருள் எதுவென்று பார்த்தால் இது விளங்கும்.

இதனைப் படிக்கும் மிராசுதார்களில் சிலர், பாலாற்றங்கரைத் தோப்புகளில் கோக்கோ கன்று நடலாமா என்று கேட்கக்கூடும். நடவேண்டாம் என்பதே எமது அபிப்பிராயம். கோக்கோ நிழலையும் ஈரக்காற்றையும், ஆண்டு முழுதும் பரவலாகப் பெய்யும் 1500 முதல் 2000 மில்லிமீட்டர் மழையையும் விரும்பும் மரம். காஞ்சிபுரத்து மழை அதற்குக் குறைவு. அதுவும் சில மாதங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். சித்திரை, வைகாசியில் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டும் நாட்களும் உண்டு. கொல்லையில் கிணற்றோரம் இரண்டொரு மரம் வைத்து ஆசையைத் தீர்த்துக்கொள்ளலாம். கடன் வாங்கித் தோட்டம் போடுவது தகாது. கன்று கேட்டு வருவோர்க்குக் கிராம அதிகாரிகளும் இதனை எடுத்துச் சொல்வது நலம்.

வாங்கும் விதையின் தரமே பானத்தின் தரம். கோக்கோப் பழத்தினுள் வெண்ணிறச் சதை சூழ்ந்து 30 முதல் 40 விதைகள் இருக்கும். அவற்றை எடுத்தவுடன் காயவைத்தால் கசப்பும் துவர்ப்பும் மிஞ்சுமேயன்றிச் சாக்லேட்டின் வாசனை எந்நாளும் வாராது. முதலில் புளிக்கவைக்க வேண்டும். சிறு அளவில் செய்வோர் 2 கிலோ ஈர விதையை மூங்கிற் கூடையில் வாழையிலை பரப்பி, நீர் வடியத் துளையிட்டு, அமுக்கி நிரப்பி மூடுகிறார்கள். மறுநாள் மேலே சாக்குப் போர்த்தி, மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் கிளறிவிடுகிறார்கள். சதையிலுள்ள இனிப்பு சாராயமாகவும், பின்னர்க் காடியாகவும் மாறும். உள்ளே சூடேறி முளை செத்து, ஊதா நிறப் பருப்பு பழுப்பாகும். ஆறு நாளில் இது முடியும். பிறகு வெயிலில் நன்றாக உலர்த்துவார்கள். வரதராஜப் பெருமாள் கோயில் நிவேதனத்துக்காக மாவைப் புளிக்கவைத்து, மந்தாரை இலை பரப்பிய மூங்கிற் குடலையில் இட்லி அவிக்கும் ஊர்க்கு இந்தக் கூடை வேலையை அதிகம் விளக்கவேண்டுவதில்லை.

உலர்ந்த விதை வாங்குவோர் நாலைந்தைக் குறுக்கே அறுத்துப் பார்க்க வேண்டும். உள்ளே பழுப்பு நிறமும் வெடிப்புகளும் இருந்தால் நல்லது. கற்பலகை போல் சாம்பல் நிறமாய்க் கெட்டியாக இருப்பது புளிக்காத சரக்கு. மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

விதையைக் கனத்த இரும்புச் சட்டியில் இளந்தீயில் 20 முதல் 30 நிமிடம் கைவிடாமல் வறுக்க வேண்டும். தோல் வெடித்து மணம் எழும்போது இறக்கி, ஆறியபின் நசுக்கி முறத்தில் புடைத்தால் தோல் பறந்து பருப்பு தங்கும். பருப்பில் ஏறக்குறையப் பாதி கொழுப்பாதலால், அம்மியிலோ கல் இயந்திரத்திலோ அரைக்க அரைக்க அது தானே இளகி விழுதாகும். ஒரு சொட்டு நீரும் படலாகாது. பட்டால் விழுது திரண்டு கட்டியாகிவிடும். கோயம்புத்தூரில் இட்லி மாவுக்கென உண்டான அரைவை இயந்திரத்தையே சிறிது மாற்றி, அயல்நாடுகளில் சிறு சாக்லேட் தொழில் செய்வோர் உபயோகிக்கின்றனர் என்பது பலரும் அறியாத செய்தி. விழுதைத் தட்டில் ஊற்றி ஆறவிட்டு, வில்லைகளாக்கி ஈரம்படாத பாத்திரத்தில் வைத்துக்கொள்ளலாம்.

நான்கு தம்ளர் பானத்துக்கு 40 கிராம் விழுது, 50 கிராம் கருப்பட்டி, அரைத் தேக்கரண்டி சுக்குத்தூள், 6 மிளகு, 2 ஏலக்காய், 400 மில்லி பால், 200 மில்லி தண்ணீர் போதும். சுக்கை மேல்தோல் சீவியபின் இடிப்பது நம் மருத்துவ மரபு. கருப்பட்டியை முதலில் தண்ணீரில் கரைத்து, மண்போக வடிகட்ட வேண்டும். அந்நீரில் சுக்கு, தட்டிய மிளகு, ஏலம் இட்டுக் கொதிக்கவைத்து, இறக்கி விழுதைக் கரைக்க வேண்டும். பாலைத் தனியே காய்ச்சிச் சற்று ஆறிய பின்னரே சேர்க்கலாம்; கொதிக்கும் பாலில் கருப்பட்டி விழுந்தால் பால் திரியக்கூடும். கடைத்தூளைப்போல் இதில் கொழுப்பு நீக்கப்படவில்லை; அதை நீக்கும் அழுத்தும் முறை ஹாலந்தில் 1828-இல் காப்புரிமை பெற்றது. ஆகையால் மேலே நெய் மிதக்கும். மெக்சிகோ நாட்டார் அதனை மரக் கடைகோலால் நுரைக்க அடிக்கிறார்கள். நமக்கு மோர் கடையும் மத்து இருக்கிறது.

மழைக்காலத்தில் பிள்ளையார்பாளையத்துக் குழித்தறிகளில் ஈரம் ஏறும் நாட்களில் நெசவாளர்க்கு இது இதமான பானம். ஆனால் மருந்தென்று கொள்ளலாகாது. கருப்பட்டியும் சர்க்கரையே, நீரிழிவுள்ளோர் அதனை விலக்கி, ஏலமும் பாலும் மட்டும் சேர்த்து அருந்தலாம். கோக்கோவில் காப்பியின் சத்து சிறிதளவு உள்ளதால் சிறுவர்க்கு இரவில் கொடாதிருப்பது உத்தமம்.

புடைத்து நீக்கிய தோலை மாட்டுத் தொட்டியில் கொட்டலாகாது. அதிலுள்ள ஒரு சத்து கால்நடைகளுக்குக் கேடு. நாய்க்கோ கொடிய நஞ்சு. அதை எருக்குழியில் போட்டு மண்ணால் மூடிவிட வேண்டும்.